வல்லாரையும் அம்மாவின் வானொலியும்

மறதிக்கு மருந்து என்று நாம் நம்பும் கீரை உண்மையில் என்ன செய்கிறது?

காலை நிகழ்ச்சி செய்யும் எந்த வானொலி அறிவிப்பாளரைக் கேட்டாலும் சொல்வார்: நேயர்கள் அனுப்பும் வாட்ஸ்அப் தகவல்களில் பாட்டுக் கேட்பவை பாதி, கை வைத்தியம் சொல்பவை மீதி. இஞ்சி, மஞ்சள், கருஞ்சீரகம், முருங்கை என்று தினமும் ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கும். அப்படி வந்த ஒன்றைச் சில மாதங்களுக்கு முன் நான் அப்படியே வாசித்துவிட்டேன்.

"தினமும் ஒரு கைப்பிடி வல்லாரை சாப்பிட்டால் வயதான காலத்தில் மறதியே வராது. வந்த மறதியும் போய்விடும்."

வாசிக்கப் பத்து விநாடிகூட ஆகியிருக்காது. அடுத்த பாட்டைப் போட்டுவிட்டு நான் அதை மறந்தும் போனேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு நேயர் அழைத்தார். ஐம்பது வயதிருக்கும். பாட்டு ஓடிக்கொண்டிருந்த நேரம் என்பதால் ஒலிபரப்புக்கு வெளியே பேசினோம்.

"தங்கச்சி, நீங்க சொன்னதைக் கேட்டுத்தான் அப்பாவுக்கு ஆரம்பிச்சேன். ஆஸ்பத்திரியில கொடுத்த மறதி மாத்திரை அவருக்கு ஒத்துக்கல. வயித்தைப் பிரட்டுது, சாப்பாடே இறங்கல. அதை நிறுத்திட்டேன். இப்ப காலையில ஒரு கிளாஸ் பெகாகா ஜூஸ் மட்டும்தான். எத்தனை மாசத்துல சரியாகும்?"

எனக்குப் பகீரென்றது. "அக்கா, மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க. வயித்தைப் பிரட்டுதுன்னு டாக்டர்கிட்டயே சொல்லுங்க" என்று மட்டும் சொன்னேன். "அப்ப வல்லாரை?" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. ஊடகத்துறை படித்தபோது முதல் ஆண்டிலேயே சொல்லிக்கொடுத்த பாடம், சரிபார்க்காததைச் சொல்லாதே என்பது. மருந்து விளம்பரம் என்றால் கே.கே.எல்.ஐ.யு. அனுமதி எண் இருக்கிறதா என்று பார்க்காமல் நாங்கள் ஒலிபரப்ப மாட்டோம். நேயர் அனுப்பிய 'டிப்ஸ்' என்றால் மட்டும் எதையும் பார்ப்பதில்லை.

அன்று மாலை நான் படிக்க உட்கார்ந்தேன். அதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. 68 வயதாகும் என் அம்மா, கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்க ஆரம்பித்து ஓராண்டு ஆகியிருந்தது. நான் வாசித்த அந்தத் தகவல் உண்மையாக இருந்துவிடக் கூடாதா என்ற ஆசை எனக்கும் உண்டு.

லோங்காங் ஓரத்துக் கீரை

வல்லாரையை எனக்கு அறிமுகப்படுத்தியவர் பாட்டி. கோலசிலாங்கூர் பக்கம் தோட்டத்தில் இருந்தவர். லயத்துக்குப் பின்னால் ஈரமான இடத்தில் தரையோடு தரையாகப் படர்ந்து கிடக்கும். ஒவ்வொரு காம்பின் நுனியிலும் ஓர் இலை, குதிரைக் குளம்புபோல. பரீட்சை வந்துவிட்டால் பாட்டி அதைப் பறித்துத் துவையல் அரைத்துவிடுவார். "சரஸ்வதி கீரை, சாப்பிட்டாத்தான் படிச்சது நிக்கும்" என்பார். லேசான கசப்பு. தட்டில் ஒதுக்கி வைக்க முடியாது.

இந்த நாட்டில் வல்லாரை நம்முடையது மட்டுமல்ல. மலாய்க்காரர்களுக்கு அது பெகாகா. பச்சையாக உலாமாகவும் கெராபுவாகவும் சம்பால் பிளாச்சானோடு சாப்பிடுவார்கள். சீனர்கள் உடல் சூட்டைத் தணிக்கும் பானமாகக் காய்ச்சுவார்கள். இலங்கைத் தமிழர் வீடுகளில் வல்லாரைச் சம்பல் இல்லாத வாரம் குறைவு. பாசார் மாலாமிலும் பாசார் தானியிலும் கட்டுக் கட்டாகக் கிடைக்கிறது.

தாவரவியலில் இதன் பெயர் சென்டெல்லா ஏசியாட்டிக்கா. கொத்தமல்லி, கேரட் குடும்பத்தைச் சேர்ந்தது. உலகச் சுகாதார நிறுவனம் 1999-இல் வெளியிட்ட மூலிகைகள் பற்றிய நூலின் முதல் தொகுதியில் இதற்கும் இடம் உண்டு. ஆனால், அங்கே முக்கியமாகப் பேசப்படுவது மூளையல்ல. காயங்களும் தீப்புண்ணும் ஆறுவதற்கான பயன். இன்று முகப்பூச்சுக் களிம்புகளில் 'சிக்கா' என்று போட்டு விற்பதும் இதே வல்லாரைச் சாறுதான்.

இங்கே ஒரு பெயர்க் குழப்பத்தையும் சொல்லிவிட வேண்டும். வட இந்தியாவில் 'பிரம்மி' என்ற பெயரை வல்லாரைக்கும் சொல்கிறார்கள், நீர்ப்பிரம்மி என்ற வேறொரு செடிக்கும் சொல்கிறார்கள். நீர்ப்பிரம்மியின் இலை சிறியது, தடித்தது. செடி வேறு, உள்ளிருக்கும் பொருள் வேறு, ஆய்வுகளும் வேறு. வாட்ஸ்அப்பில் 'பிரம்மியை நிரூபித்த விஞ்ஞானிகள்' என்று வருவதில் பல, நம் வல்லாரையைப் பற்றியதே அல்ல.

எலிக்கு வேலை செய்கிறது, நமக்கு?

வல்லாரைக்குக் கசப்பைத் தரும் பொருள்களில் ஏசியாட்டிகோசைடு, ஏசியாட்டிக் அமிலம் போன்றவை அடங்கும். மூளை ஆய்வாளர்களின் கவனமும் இவற்றின் மேல்தான். அமெரிக்காவின் ஓரிகன் சுகாதார, அறிவியல் பல்கலைக்கழகம் பல ஆண்டுகளாக வல்லாரையை ஆராய்ந்து வருகிறது. அல்சைமர் நோயைப் போன்ற மாற்றங்கள் வரும்படி வளர்க்கப்பட்ட எலிகளுக்கு வல்லாரை நீர்ச்சாறு கொடுத்தபோது, கற்கும் திறனும் நினைவும் மேம்பட்டன. நரம்புச் செல்கள் கிளை விடுவதற்கும், செல்களுக்குள் ஏற்படும் ஆக்சிஜன் சிதைவைத் தடுப்பதற்கும் இந்தச் சாறு உதவுவதாகச் சோதனைக்கூடத்தில் தெரிகிறது. பாட்டி சொன்னதில் ஏதோ இருக்கிறது என்று அப்போது எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது.

மனிதர்களிடம் வரும்போது கதை மெலிகிறது. நான் படித்தவற்றில் நான்கைச் சொல்கிறேன்.

முதலாவது, கனடாவில் 2000-இல் வந்தது. ஆரோக்கியமான 40 பேர் பங்கேற்றார்கள். ஒரே வேளையில் 12 கிராம் வல்லாரை உட்கொண்டவர்கள், அரை மணி நேரத்துக்குப் பிறகும் ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் திடீர்ச் சத்தத்துக்குத் திடுக்கிடுவது குறைந்தது. இது நினைவாற்றல் சோதனை அல்ல. பதற்றத்தைத் தணிக்கும் தன்மை இருக்கலாம் என்பதற்கான அறிகுறி.

இரண்டாவது, தாய்லாந்தில் 2008-இல் வந்தது. ஆரோக்கியமான முதியவர்கள் 28 பேர். இரண்டு மாதங்களுக்குத் தினமும் 250, 500 அல்லது 750 மில்லிகிராம் வல்லாரைச் சத்து. அதிக அளவு எடுத்தவர்களிடம், ஒரு விஷயத்தைத் தற்காலிகமாக மனத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்யும் திறன் கூடியது. மனநிலையும் சற்று மேம்பட்டது.

மூன்றாவது, இந்தோனேசியாவின் ஜோக்ஜாகர்த்தாவில் நடந்து 2016-இல் வெளிவந்தது. பக்கவாதத்துக்குப் பிறகு அறிவாற்றல் குறைந்த 48 பேர். இரண்டு பிரிவுகளுக்கு வெவ்வேறு அளவில் வல்லாரைச் சத்து, இன்னொரு பிரிவுக்கு ஃபோலிக் அமிலம், ஆறு வாரம். மொத்தத்தில் மூன்று பிரிவும் ஏறக்குறைய ஒரே அளவு முன்னேறின. கேட்டதைச் சிறிது நேரம் கழித்து நினைவுக்குக் கொண்டுவருவதில் மட்டும் வல்லாரைப் பிரிவுகள் முந்தின. வெற்று மாத்திரை கொடுத்து ஒப்பிட ஒரு பிரிவு இல்லை. அதனால், முன்னேற்றத்தில் எவ்வளவு மருந்தால் வந்தது, எவ்வளவு காலப்போக்கில் தானாக வந்தது என்று பிரிக்க முடியாது.

நான்காவதுதான் முக்கியம். 2017-இல் தாய்லாந்து ஆய்வாளர்கள், வல்லாரையை வைத்து மனிதர்களிடம் செய்த 11 ஆய்வுகளைச் சேர்த்து அலசினார்கள். நினைவாற்றலின் எந்தப் பிரிவிலும் வெற்று மாத்திரையைவிட வல்லாரை தெளிவாக மேம்பட்டது என்று சொல்ல முடியவில்லை. விழிப்பு கூடலாம், கோபம் தணியலாம் என்ற அளவுக்குத்தான் அவர்களால் சொல்ல முடிந்தது.

சுருக்கமாகச் சொன்னால், வல்லாரை நம்பிக்கை தரும் செடி. ஆனால், மறதி நோயைத் தடுத்ததாகவோ, வந்த நோயைத் திருப்பியதாகவோ மனிதர்களிடம் இதுவரை நிரூபிக்கப்படவில்லை. பத்து விநாடியில் நான் சொன்னது தவறு.

ஜூஸ் வேறு, கேப்சூல் வேறு

இதைப் படித்துவிட்டு, "அப்படியென்றால் சத்தையே வாங்கிக் கொடுத்துவிடலாமே" என்று எனக்கும் தோன்றியது. ஆய்வுகளில் கொடுத்தது பெரும்பாலும் அளவு குறித்துத் தயாரித்த சத்து. நாம் அரைக்கும் துவையலில் அந்தப் பொருள்கள் எவ்வளவு இருக்கும் என்பது மண், பருவம், செடியின் வகை ஆகியவற்றைப் பொறுத்து மாறும். அதனால், 'ஒரு கைப்பிடி இவ்வளவு மில்லிகிராமுக்குச் சமம்' என்று யார் கணக்குச் சொன்னாலும் நம்பாதீர்கள்.

கேப்சூலுக்கு வேறு பிரச்சினை. அர்ஜென்டினாவில் வல்லாரை மாத்திரை எடுத்த 3 பெண்களுக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டு மஞ்சள்காமாலை வந்ததாக 2005-இல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். மாத்திரையை நிறுத்தியதும் குணமானார்கள். இது அரிது, கீரையாகச் சாப்பிடுபவர்கள் பயப்பட வேண்டியதில்லை. ஆனால், கல்லீரல் நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தூக்க மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் வல்லாரை மாத்திரையைத் தொடக் கூடாது.

வாங்குவதாக இருந்தால் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். மலேசியாவில் பதிவு செய்த பாரம்பரிய மருந்தில் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கி 'டி' என்று முடியும் எண் இருக்கும்; சுகாதார அமைச்சின் ஹோலோகிராம் ஒட்டியிருக்கும். இவை தரத்துக்கும் பாதுகாப்புக்கும் அடையாளம். மறதியைக் குணப்படுத்தும் என்பதற்கு உத்தரவாதம் அல்ல.

"உன் குரல் கேட்குதும்மா"

ஆய்வுகளைப் படித்து முடித்ததும், அம்மாவுக்குக் கேப்சூல் வாங்கும் யோசனையை விட்டுவிட்டேன். கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். அதை ஓராண்டாகத் தள்ளிப்போட்டிருந்தேன். 'வயதாகிவிட்டது, அப்படித்தான்' என்பது ஒரு சாக்கு. 'வீட்டு வைத்தியம் பார்ப்போம்' என்பது இன்னொரு சாக்கு.

மருத்துவர் முதலில் கேட்டது அம்மா சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலை. மறதிக்குச் சரிசெய்யக்கூடிய காரணங்கள் பல உண்டு என்றார்: தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு, சில மருந்துகளின் பக்கவிளைவு. இனிப்புநீருக்கு மெட்ஃபார்மின் பல ஆண்டுகள் எடுப்பவர்களுக்கு பி12 குறையலாம். இறைச்சி, முட்டை, பால் எதுவும் சாப்பிடாதவர்களுக்கும் குறையலாம். ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். அம்மாவுக்கு அவை எல்லாம் சரியாக இருந்தன.

பிறகு மருத்துவர் தம் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, சாதாரணக் குரலில் அம்மாவிடம் ஏதோ கேட்டார். அம்மா என்னைப் பார்த்தார். பதில் சொல்லவில்லை.

காது பரிசோதனையில் இரண்டு காதிலும் நடுத்தர அளவு குறைபாடு என்று வந்தது. வயதாகும்போது முதலில் போவது மெல்லிய, உயர்ந்த ஒலிகள். பேச்சு கேட்கும்; மெய்யெழுத்துகள் மங்கிவிடும். சட்டையா கட்டையா என்று தெரியாது. காதில் சரியாக ஏறாத ஒன்றை மூளை எப்படி நினைவில் வைத்திருக்கும்? அம்மா திரும்பத் திரும்பக் கேட்டதில் பாதி, மறந்ததால் அல்ல; முதல் தடவையே சரியாகக் கேட்காததால்.

வரும் வழியில் காரில் கேட்டேன். "தினமும் என் நிகழ்ச்சியைக் கேக்கிறியேம்மா. பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சத்தமா வைக்கிறப்ப ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாமே?"

"உன் குரல் கேட்குதும்மா. என்னா சொல்றேன்னுதான் புரியல. அது போதும்னு விட்டுட்டேன்."

பேசுவதையே தொழிலாக வைத்திருக்கும் எனக்கு, அதற்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

காது கேளாமைக்கும் மறதி நோய்க்கும் உள்ள தொடர்பை அதன் பிறகுதான் படித்தேன். மறதி நோயை ஆராயும் லான்செட் ஆணையம் 2024-இல் வெளியிட்ட அறிக்கை, நாம் மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிடுகிறது. அவற்றைச் சமாளித்தால் உலகில் ஏற்படும் மறதி நோயில் ஏறக்குறைய 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்கிறது. இரத்தக் கொதிப்பு, இனிப்புநீர், கெட்ட கொழுப்பு, புகை, அளவுமீறிய மது, உடற்பயிற்சி இல்லாமை, தனிமை, மனச்சோர்வு ஆகியவற்றோடு காது கேளாமையும் கவனிக்காத பார்வைக் குறைவும் அதில் இருக்கின்றன.

காது கருவி போட்டால் மறதியே வராது என்று மறுபடியும் ஓர் எளிய வாக்கியம் சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் 977 முதியவர்களிடம் செய்து 2023-இல் வந்த ஆய்வில், மொத்தக் குழுவையும் சேர்த்துப் பார்த்தால் 3 ஆண்டுகளில் வித்தியாசம் தெரியவில்லை. ஏற்கெனவே ஆபத்து அதிகமாக இருந்த பிரிவினரிடம் மட்டும் அறிவாற்றல் சரிவு 48 விழுக்காடு குறைந்தது.

நம் சமூகத்துக்கு இந்தப் பட்டியல் தூரத்து விஷயம் அல்ல. 2018 தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு மறதி நோய் இருக்கக்கூடும். 2019 ஆய்வின்படி பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் மிக அதிகம். சர்க்கரையைக் கவனிக்காமல் வல்லாரை ஜூஸில் இரண்டு கரண்டி சீனி போட்டுக் குடிப்பதில் அர்த்தமில்லை.

அப்படியானால் வல்லாரையை விட்டுவிடுவதா?

வேண்டாம். அதை மருந்து அலமாரியிலிருந்து எடுத்துச் சாப்பாட்டுத் தட்டில் வையுங்கள். பாட்டி வைத்ததும் அங்கேதான்.

சிகாகோவில் 960 முதியவர்களை ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் கவனித்து 2018-இல் ஓர் ஆய்வு வந்தது. தினமும் ஒரு பரிமாறலுக்குச் சற்று அதிகமாகக் கீரை சாப்பிட்டவர்களின் நினைவாற்றல், அரிதாகச் சாப்பிட்டவர்களைவிட மெதுவாகக் குறைந்தது. வித்தியாசம் 11 வயது இளமைக்குச் சமம் என்று கணக்கிட்டார்கள். அது பசலைக்கீரை, கேல் போன்ற கீரைகளைப் பற்றியது. கீரை சாப்பிடுபவர்கள் மற்ற பழக்கங்களிலும் கவனமாக இருப்பார்கள் என்பதால், கீரைதான் காரணம் என்று அறுதியிட முடியாது. ஆனாலும், இதில் இழப்பதற்கு ஒன்றும் இல்லை. வல்லாரை, முருங்கை, பசலை, கங்கோங் என்று மாற்றி மாற்றிச் சாப்பிடலாம்.

இரண்டு எச்சரிக்கைகள் மட்டும். வல்லாரை மண்ணிலுள்ள ஈயம் போன்ற உலோகங்களை உறிஞ்சிக்கொள்ளும் செடி. எந்த அளவுக்கு என்றால், மலேசிய ஆய்வாளர்கள் ஓர் இடத்தின் மாசை அளக்கவே இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆகவே சாலை ஓரத்திலும் லோங்காங் ஓரத்திலும் பறிக்காதீர்கள். தொட்டியில் வளர்ப்பது மிக எளிது. அடுத்து, இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் எந்தக் கீரையின் அளவையும் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது.

அம்மாவுக்குக் காது கருவி போட்டு நான்கு மாதம் ஆகிறது. கேள்விகள் குறைந்திருக்கின்றன, நின்றுவிடவில்லை. ஆறு மாதத்தில் மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். செவ்வாய்க்கிழமைகளில் அம்மா கையால் வல்லாரைச் சம்பல் நடக்கிறது. இப்போது நிகழ்ச்சி முடிந்து வீட்டுக்குப் போனால், எந்தச் சொல்லை நான் தவறாக உச்சரித்தேன் என்று சொல்கிறார்.

அந்த நேயரை நானே அழைத்துப் பேசினேன். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னதும், மருத்துவர் அதற்குப் பதிலாகத் தோலில் ஒட்டும் மருந்துப் பட்டை கொடுத்திருக்கிறார். அப்பா இப்போது சாப்பிடுகிறாராம். "பெகாகா ஜூஸை நிறுத்தணுமா தங்கச்சி?" என்று கேட்டார். "டாக்டர்கிட்ட சொல்லிட்டுக் கொடுங்கக்கா, சீனி மட்டும் வேணாம்" என்றேன்.

மறுநாள் காலை ஒலிபரப்பில் என் தவறைச் சொல்லித் திருத்தினேன். பத்து விநாடியில் சொன்னதைத் திருத்த நான்கு நிமிடம் ஆனது.

அம்மாவின் வல்லாரைச் சம்பல் (நான்கு பேருக்கு)

தேவையானவை: வல்லாரை 2 கட்டு, துருவிய தேங்காய் அரைக் கப், சின்ன வெங்காயம் 8, பச்சை மிளகாய் 2, எலுமிச்சைச் சாறு 1 மேசைக்கரண்டி, உப்பு தேவைக்கு.

செய்முறை: வேரையும் முற்றிய காம்பையும் நீக்கி, மண் போக ஓடும் தண்ணீரில் நான்கைந்து முறை அலசுங்கள். தண்ணீரை நன்றாக வடித்துவிட்டு, இலையை மிக மெல்லியதாக நறுக்குங்கள். வெங்காயத்தையும் மிளகாயையும் பொடியாக அரிந்து, தேங்காய், உப்புடன் கையால் பிசறுங்கள். கடைசியில் இலையையும் எலுமிச்சைச் சாற்றையும் சேர்த்துக் கலந்து உடனே பரிமாறுங்கள். நேரம் போனால் இலை கறுத்து, கசப்பு கூடும். சுடுசோற்றுக்கும் பருப்புக்கும் பொருத்தம்.